பழைய வாக்கும் புதிய நிரலும்

கொழும்பு என்னும் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதலிற் கொம்பை எழுதுகிறோம். அதனருகே ககரத்தை எழுதுகிறோம். பின்னர்க் காலை இழுக்கிறோம். கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று உறுப்புக்களும் சேர்ந்து 'கொ' என்னும் ஓரெழுத்தாகின்றன. கொட்டாஞ்சேனை என்று எழுதினாலும், கொச்சிக்கடை, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று எழுதினாலும் ஒழுங்கு இதுவே. வெள்ளவத்தையில் வாழ்பவர்களுக்கு மட்டும் முதலெழுத்திற் கால் இழுக்கும் வேலை மிச்சம்.

இதே எழுத்தைக் கணினி எப்படி எழுதிக்கொள்கிறது? அது முதலிற் ககரத்தை எழுதுகிறது. அதன்பின் இரண்டு வழிகள் உண்டு. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக எழுதலாம். அல்லது கொம்புக்கு ஒரு குறி, காலுக்கு ஒரு குறி என இரண்டாகவும் எழுதலாம். யூனிக்கோடு என்னும் உலகப் பொது எழுத்துக்குறி ஏற்பாடு இவ்விரண்டு வழிகளையும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. திரையிலே பார்த்தால் மயிரிழை வேறுபாடும் தெரியாது. ஆனால் உள்ளே வேறுபாடு உண்டு. நான்கே எழுத்துக்களாலான கொழும்பு என்னும் பெயர் முதல் வழியில் 24 பைற்றுக்களாகவும், இரண்டாம் வழியில் 27 பைற்றுக்களாகவும் பதிவாகிறது. பைற்று என்பது கணினி எழுத்துக்களை அளக்கும் அலகு.

மூன்று பைற்று வேறுபாட்டுக்காக வானொலியில் ஒரு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். இந்தச் சிறு வேறுபாட்டை வாயிலாகக் கொண்டு, பெரும்பாலோர் காணாத ஒரு தொழிலைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றேன். ஓடிக்கொண்டிருக்கும் கணினி நிரலை ஒருவர் சீரமைத்துத் தருகிறார். அந்தச் சீரமைப்பு சரிதானா என்று இன்னொருவர் வரிவரியாகப் படித்துப் பார்க்கிறார். அப்படிப் படிப்பவரைப் பரிசீலகர் என்போம். அவருடைய கடமை யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கந்தோர் ஒன்றின் பதிவறையை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். இறாக்கை இறாக்கையாகக் கோவைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வாயிலில் ஓர் இலிகிதர் அமர்ந்திருக்கிறார். இன்ன பெயருள்ள கோவை வேண்டுமென்று கேட்டால், அவர் அட்டவணையைப் பார்த்து எடுத்துத் தருகிறார். கணினியிலும் இப்படி ஓர் இலிகிதர் உண்டு. கோவையைக் கணினித் துறையிற் கோப்பு என்கின்றனர். கோப்புக்களை வட்டிலே வைக்கவும், பெயர் சொன்னால் எடுத்துத் தரவும், பழையதை அழிக்கவும் பொறுப்பான நிரற்றொகுதியைக் கோப்பு முறைமை என்கின்றனர். கடிதம் எழுதும் நிரலில் ஒரு பிழை நேர்ந்தால் அன்றைய கடிதம் மட்டும் கெடும். கோப்பு முறைமையிற் பிழை நேர்ந்தால் பத்து ஆண்டுக் கடிதங்களும் ஒருசேரக் கெட்டுப்போகலாம். ஆதலின் இந்தப் பகுதியிற் கைவைப்போர் மிக அஞ்சியே கைவைப்பர்.

லினக்ஸ் என்னும் கணினி இயக்க முறைமையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பின்லாந்து நாட்டில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தது அது. இன்று ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளின் உட்கருவும் அதுவே. அதன் கோப்பு முறைமைகளுள் மிகுதியாக வழங்குவது எக்ஸ்ட்4 என்பது. அதிலே ஒரு கோப்பின் பெயர் 255 பைற்றுக்களுக்கு மேற்படலாகாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுக்களை எடுத்துக்கொள்வதால், நமக்கு 85 குறிகளே கிடைக்கும். நீண்ட தலைப்புக்களை விரும்பும் எழுத்தாளர்கள் கவனிக்க.

பழைய மரபின்படி இந்த இலிகிதருக்கு மொழி எதுவும் தெரியாது. பெயர் என்பது அவருக்குப் பைற்றுக்களின் வரிசை மட்டுமே. வரிசை ஒத்தால் அதே பெயர். ஒரு பைற்று மாறினாலும் வேறு பெயர். ஆதலால் ஒரே கோப்புறைக்குள், கண்ணுக்கு எவ்வித வேறுபாடுமின்றி, கொட்டாஞ்சேனை என்னும் பெயரில் இரண்டு கோப்புக்கள் அருகருகே இருக்கலாம். ஒன்றில் 'கொ' சேர்த்து எழுதப்பட்டது. மற்றதிற் பிரித்து எழுதப்பட்டது. நீங்கள் ஒன்றைத் திறந்து பார்த்து, எழுதியது எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்; அது மற்றதினுள் இருக்கும்.

2019ஆம் ஆண்டு யூலை மாதம் வெளியான லினக்ஸின் 5.2ஆம் பதிப்பில் ஒரு புதிய வசதி சேர்ந்தது. காப்ரியேல் கிறிஸ்மன் பெர்ட்டாசி என்பார் எக்ஸ்ட்4 முறைமைக்காக ஆக்கியது அது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாராமற் பெயர்களை ஒப்பிடுவதே அதன் நோக்கம். வேண்டுமென்று தெரிந்தெடுத்த கோப்புறைகளில் மட்டுமே அது செயற்படும். தமிழுக்குப் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை; ஆகவே நமக்கு இதனால் ஆவது என்ன என்று தோன்றும். ஆனால் எழுத்துக்களை ஒப்பிடுமுன் அந்த வசதி யூனிக்கோடு விதிப்படி அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவருகிறது. அப்பொழுது பிரித்தெழுதிய 'கொ'வும் சேர்த்தெழுதிய 'கொ'வும் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்துக்காக வெட்டிய வாய்க்காலிலே தமிழுக்கும் நீர் பாய்ந்தது.

அதே ஆண்டின் இறுதியில் எஃப்2எஃப்எஸ் என்னும் மற்றொரு கோப்பு முறைமையும் இவ்வசதியைப் பெற்றது. கைத்தொலைபேசியில் உள்ளதுபோன்ற மின்நினைவகங்களுக்காகச் சாம்சங் நிறுவனத்தார் 2012இல் அறிவித்த முறைமை அது. இப்பொழுது ஒரே வேலையைச் செய்யும் நிரல் இரண்டிடத்தில் இருந்தது. ஒன்றிற் பிழை திருத்தினால் மற்றதில் மறந்துபோகும். எனவே பொதுவான பகுதிகளை எடுத்து, எல்லா முறைமைகளுக்கும் உரிய பொது நூலகத்தில் வைக்கும் வேலை படிப்படியாக நடந்தது. பெயர்களை ஒப்பிடும் பகுதி 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியான 6.11ஆம் பதிப்பிலே அவ்வாறு பொதுவாயிற்று. அந்தத் திருத்தத் தொகுதி ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்ளப்பட்டதன்று. பத்துக்கும் மேற்பட்ட முறை திருத்தித் திருத்தி அனுப்பப்பட்ட பின்பே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இத்தகைய வேலைக்கு நிரற் சீரமைப்பு என்று பெயர். 1992இல் வில்லியம் ஒப்டைக் தம் ஆராய்ச்சியேட்டிலும், 1999இல் மார்ட்டின் பவுலர் தம் நூலிலும் இதனை ஒரு முறையாக வகுத்துக் கூறினர். வெளியே தெரியும் நடத்தை மாறலாகாது; உள்ளமைப்பு மட்டும் செவ்வைப்பட வேண்டும் என்பதே அதன் இலக்கணம்.

இந்த இலக்கணம் நமக்குப் புதியதன்று. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குச் சென்றவர்கள் அதன் கருங்கற் றூண்களைக் கண்டு வியந்திருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பொன்னம்பல முதலியார் அமைத்த கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற் கோயிலாகத் திருப்பணி செய்வித்தார். 1912இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. சைவக் கோயில்களில் திருப்பணி நடக்குங் காலத்தில் மூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, பூசை தடைப்படாமல் நடத்துவது வழக்கம். சுவரை இடிக்கலாம், தூணை மாற்றலாம், ஆனால் நேற்று வந்து வழிபட்ட அடியவர் இன்று வந்து, வழிபாடு இல்லையென்று திரும்பிப் போகலாகாது. கோப்பு முறைமையைச் சீரமைப்பவரின் நிலையும் இதுவே. உலகெங்கும் கணினிகள் ஓடிக்கொண்டிருக்கையில், அவற்றின் அடித்தளக் கல்லை அவர் மாற்றுகிறார்.

இனிப் பரிசீலகரின் வேலையைப் பார்ப்போம். லினக்ஸ் உலகில் ஒருவர் செய்த திருத்தம் தனியறையிற் கைமாறுவதில்லை. அது பொது மடலாக, எவரும் படிக்கத்தக்க வகையில் அனுப்பப்படுகிறது. படித்தவர்கள் வினா எழுப்புகிறார்கள், குற்றம் காட்டுகிறார்கள், ஆக்கியோன் விடையிறுக்கிறார், அல்லது திருத்தி மீண்டும் அனுப்புகிறார். நம் மரபில் இதற்கு அரங்கேற்றம் என்று பெயர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு முன் அரங்கேறியதாகப் பாயிரம் கூறுகிறது. நூல் எவ்வளவு சிறந்ததாயினும் அவையினர் கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். ஏற்றுக்கொண்டபின், படித்துப் பார்த்தவரின் பெயரும் திருத்தத்தோடு சேர்த்துப் பொறிக்கப்படுகிறது. பின்னாளிற் பழுது தோன்றினால், ஆக்கியவர் இன்னார், படித்தவர் இன்னார் என்று ஊரறியும்.

பரிசீலகர் முதலில் எதிர்பார்ப்பது, திருத்தம் சிறு சிறு படிகளாக வரவேண்டும் என்பது. ஒரு நிரற்பகுதியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்துவது ஒரு படி. நகர்த்தியபின் அதனை மாற்றுவது வேறொரு படி. இரண்டையும் ஒன்றாகச் செய்தால், வீடு மாறும் நாளிலேயே தளபாடத்தையும் புதிதாகச் செய்வித்தது போலாகும்; எது உடைந்தது, எது இடம் மாறியது என்று பிறகு சொல்ல இயலாது.

அடுத்துப் பரிசீலகர் பார்ப்பது, நேரான வழியை அன்று; வழி தவறும் இடங்களை. மேற்சொன்ன பெயரொப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒன்றா என்று கேட்டால், ஆம், இல்லை என்னும் இரண்டு விடைகளே இருக்குமென்று நினைப்போம். உண்மையில் விடைகள் மூன்று. ஆம் என்பது ஒன்று; இல்லை என்பது ஒன்று; ஒப்பிட முடியாமற் போயிற்று என்பது மூன்றாவது. நினைவகம் போதாமையாலோ, எழுத்துக்குறி சிதைந்திருப்பதாலோ அந்த மூன்றாம் விடை வரலாம். பொதுவாக்கப்பட்ட புதிய நிரலிலே, ஆம் என்பதற்கு ஒரு நேர் எண்ணும், இல்லை என்பதற்குச் சுழியும், முடியவில்லை என்பதற்கு எதிர் எண்ணும் விடையாக வரும். ஆனால் இந்நிரல் எழுதப்பட்ட சீ மொழியிற் சுழியல்லாத எந்த எண்ணும் ஆம் என்றே கொள்ளப்படும். ஆகவே கவனமின்றி எழுதினால், முடியவில்லை என்று சொன்ன விடை ஆம் என்று பொருள்பட்டு, ஒருவருடைய கோப்பைக் கேட்டவருக்கு இன்னொருவருடைய கோப்பு கிடைக்கும். இத்தகைய இடத்தைக் கண்டுபிடிக்க நிரலை ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. ஊன்றிப் படிக்க வேண்டும்.

இவையெல்லாம் வரிகளிற் காணக்கூடியவை. வரிகளிற் காணமுடியாத ஒன்றும் உண்டு. அதனை நான் ஏட்டிலிருந்து கற்கவில்லை; என் தவற்றிலிருந்து கற்றேன். அதனைச் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு கந்தோரிற் பழைய பதிவேடுகளைப் படமெடுத்துக் கணினியிற் சேமிக்கும் வேலைக்குப் பொறுப்பாக இருந்தேன். கந்தோரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான பதிவுகள்; ஒவ்வொன்றையும் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் கொண்டு அடையாளமிட்டிருந்தோம். ஒரு பெயரைக் கேட்டால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடுவது காலவிரயம். ஆகையால், பெயரிலுள்ள பைற்றுக்களைக் கணக்கிட்டு ஓர் அடையாள எண் ஆக்கி, அந்த எண்ணுக்குரிய அறையிற் பதிவை வைப்பது எங்கள் முறை. தேடும்போதும் அதே கணக்கு, அதே எண், அதே அறை.

என்னோடு வேலை செய்த கொட்டாஞ்சேனை இளைஞர் ஒருவர், பெயர்களைக் கையாளும் நிரல் நான்கிடங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பதைக் கண்டார். தம் ஊர்ப் பெயரே இருவகையாகப் பதிவாவதையும் கண்டார். நான்கையும் ஒன்றாக்கி, 'கொ' எப்படி வந்தாலும் அதனை முதலிற் சேர்த்தெழுதி, பின்பு அடையாள எண்ணைக் கணக்கிடும்படி அழகாகச் சீரமைத்தார். "சேர், ஒருமுறை பார்த்துத் தாருங்கள்" என்று என்னிடம் தந்தார். பார்த்தேன். வரிகள் பாதியாகக் குறைந்திருந்தன. புதிய பதிவுகள் சிலவற்றை இட்டுத் தேடினேன்; எல்லாம் கிடைத்தன. "நன்றாக இருக்கிறது, தம்பி" என்று சொல்லி ஒப்பமிட்டேன்.

அடுத்த வாரம் முதியவரான ஓர் அம்மையார் தம் திருமணப் பதிவின் பிரதிக்காக வந்தார். கணவர் காலமாகிவிட்டார், ஓய்வூதியத்துக்கு அந்தப் பிரதி வேண்டும். தேடினோம், இல்லையென்று கணினி சொல்லிற்று. மீண்டும் தேடினோம், மீண்டும் இல்லை. அந்த அம்மையார் எங்கள் திரையைப் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார். "நாற்பது வருடம் குடும்பம் நடத்தினேன், தம்பி. இந்தப் பெட்டி இல்லையென்றால் அது இல்லையென்று ஆகிவிடுமா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

பதிவு அழியவில்லை, வட்டிலேயே இருந்தது. அது தொடக்க காலத்திற் படமெடுக்கப்பட்டது. அக்காலத்திற் படங்கள் வந்த அப்பிள் கணினியின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தெழுதும் வழக்கமுடையது. பிரித்தெழுதிய 'கொ'வைக் கணக்கிட்டு வந்த எண்ணின் அறையிலே அந்தப் பதிவு இருந்தது. புதிய நிரலோ சேர்த்தெழுதிய 'கொ'வைக் கணக்கிட்டு வேறோர் அறையைத் திறந்து பார்த்து, வெறுமையாக இருக்கக் கண்டு, இல்லையென்றது. அன்று மாலை அந்த இளைஞரே ஒவ்வோர் அறையாகத் தேடிப் பதிவை எடுத்தார். மறுநாட் காலையில் அம்மையாரிடம் பிரதியைக் கொடுத்தோம். பழைய நிரலை மீண்டும் இட்டோம். பின்னர் எல்லாப் பதிவுகளுக்கும் புதிய எண் கணக்கிட்டு, அறை மாற்றி வைத்து முடித்த பிறகே, அவருடைய நிரலைப் பயனுக்குக் கொண்டுவந்தோம்.

அவர் எழுதிய வரிகளில் ஒரு பிழையும் இல்லை. இலக்கணப்படி பார்த்தால் அவர் செய்ததே சரி, பழையதே தவறு. பிழை செய்தவன் நான். புதிய நிரலைப் படித்தேனே ஒழிய, பழைய நிரல் வட்டில் எழுதிவைத்துப் போனவற்றை நினைத்துப் பார்க்கவில்லை. நிரலை மாற்றிவிடலாம், அது நேற்றுவரை எழுதி வைத்தவை மாறாமல் அப்படியே கிடக்கும்.

இப்படித் தடுமாறியவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்பதைப் பின்னர் அறிந்தேன். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லினக்ஸிலேயே இதனையொத்த ஒன்று நிகழ்ந்தது. யூனிக்கோட்டில் கண்ணுக்குப் புலப்படாத சில குறிகள் உண்டு. பக்கத்திலுள்ள எழுத்தின் தோற்றத்தை மாற்றுவதே அவற்றின் வேலை. தமக்கென உருவம் இல்லை. 2019 முதல் இருந்த பெயரொப்பீட்டு நிரல், அக்குறிகளை இல்லாதனவாகவே கருதித் தள்ளிவிட்டது. இது தவறான நடைமுறை. கண்ணுக்குப் புலப்படாத குறி ஒன்றை இடையிலிட்டு, காவலிலுள்ள ஒரு பெயரைப் போல நடிக்க அது இடங்கொடுக்கும். எனவே அக்குறிகளைத் தள்ளாமற் பெயரின் பகுதியாகவே கொள்ளும்படி நிரல் திருத்தப்பட்டது. திருத்தம் சிறியது, நோக்கம் நல்லது, நிரலும் முன்னையிலும் எளிதாயிற்று.

ஆனால் எக்ஸ்ட்4, எஃப்2எஃப்எஸ் ஆகிய முறைமைகளும், என் கந்தோரைப் போலவே, பெயரிலிருந்து ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு வட்டிலே எழுதிவைப்பவை. ஏற்கெனவே எழுதப்பட்ட எண்கள், குறிகளைத் தள்ளிக் கணக்கிட்டவை. புதிய நிரலோ குறிகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. இளைஞர்கள் கைத்தொலைபேசியில் அனுப்பும் சிவப்பு இதயப் படத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன்பின்னே இத்தகைய புலப்படாக் குறியொன்று மறைந்திருக்கும். அந்தப் படத்தைப் பெயராகக் கொண்ட கோப்புக்கள் பட்டியலிற் றோன்றின. திறக்கப் போனால் இல்லையென்ற விடை வந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் அத்திருத்தத்தை மீளப் பெற்றார். பழைய நடத்தை தவறென்பதை அவர் மறுக்கவில்லை. அந்தத் தவறான நடத்தையோடு கணக்கிட்ட எண்கள் மக்களுடைய வட்டுக்களில் இருப்பதால், அதனை இவ்வாறு மாற்ற இயலாது என்பதே அவர் சொன்ன காரணம்.

இதயப் படந்தானே, போனாற் போகட்டும் என்று சிரிக்க வேண்டாம். இந்நாட்டின் பெயரிலுள்ள 'ஸ்ரீ' என்பதைச் சிங்கள எழுத்திற் கணினியில் எழுதும்போது, எழுத்துக்களை இணைப்பதற்குப் புலப்படாத இணைப்புக்குறி ஒன்று நடுவிலே இடப்படுகிறது. அதுவும் அந்தத் தள்ளப்பட்ட குறிகளின் இனத்தைச் சேர்ந்ததே. பெயர்களை ஒன்றாக்கி ஒப்பிடும் வசதியுடைய ஒரு பெரிய கோப்புறையில், நாட்டின் பெயரைச் சிங்களத்தில் தாங்கிய பழைய கோப்பு ஒன்று இருந்தால், அதற்கும் இதயப் படத்துக்கு நேர்ந்த கதியே நேர்ந்திருக்கும். திருத்தத்தை எழுதியவரோ படித்தவரோ இந்நாட்டின் மீது பகைமை கொண்டவர் அல்லர். படித்தவர்களின் மேசையில் நம் எழுத்துக்கள் இருக்கவில்லை, அவ்வளவே.

இவற்றிலிருந்து பரிசீலகர் கற்க வேண்டியது என்ன? புதிய நிரல் பழையதைவிட நல்லதா என்பது எளிய கேள்வி. பழைய நிரல் யார் யாருக்கு என்னென்ன வாக்குக் கொடுத்திருந்தது என்பதே அரிய கேள்வி. அவ்வாக்குக்களிற் சில எழுத்தில் இருக்கும், பல எழுதப்படாதவை. சில வாக்குக்கள் தவறாகவே கொடுக்கப்பட்டவை. ஆயினும் அவற்றை நம்பி மக்கள் தம் பொருளை வைத்திருக்கிறார்கள். தவற்றைத் திருத்தவே கூடாதென்று நான் சொல்லவரவில்லை. எங்கள் கந்தோரிலும் இறுதியிலே திருத்தினோம். முதலிற் பழைய பதிவுகளுக்கு வழி செய்துவிட்டுப் பின்பு நிரலை மாற்றவேண்டும். அந்த முறையை மாற்றிச் செய்ததே எங்கள் குற்றம்.

பரிசீலகரின் பண்பு பற்றியும் ஒரு சொல். திருத்தத்தைத் தருபவர் பெரும்பாலும் இளைஞராயிருப்பார். இரவு கண்விழித்து எழுதியிருப்பார். அவருடைய நிரலைக் குறைகூறலாம், அவரைக் குறைகூறலாகாது. இது பிழை என்று சொல்வதற்கு முன், இங்கே இப்படி நேர்ந்தால் என்னவாகும் என்று கேட்கலாம். அதைவிடப் பெரிய தீமை, முகத்துக்காகப் புகழ்ந்து படிக்காமலே ஒப்பமிடுவது. நான் அன்று அந்த இளைஞருக்குச் செய்த தீமை அதுவே. கடுமையாக வினாவியிருந்தால் அவர் ஒருநாள் வருந்தியிருப்பார். வினாவாமல் விட்டதனால், தம் ஊர் அம்மையார் ஒருவர் தலைகுனிந்து திரும்பிப் போனதை அவர் பார்க்க நேர்ந்தது.

இறுதியாக, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். இத்தகைய வேலை எங்கோ தொலைதூர நாடுகளில் நடப்பது, நாம் பயன்படுத்துவோர் மட்டுமே என்று எண்ணாதீர்கள். 2004 டிசெம்பரிற் கடல் பொங்கி இக்கரைகளை அழித்தபோது, கொழும்பிலிருந்த தொண்டர்கள் லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் துணையோடு சகானா என்னும் நிரலை எழுதினர். காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவுசெய்ய எழுந்த அந்த நிரல் பிற நாடுகளின் பேரிடர்களுக்கும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதை அதற்கு வழங்கியது. ஆகவே ஆற்றல் இங்கே இல்லாமலில்லை.

புதிய நிரல் எழுதத்தான் வேண்டுமென்பதில்லை. பிறர் எழுதியதைப் படிக்கத் தொடங்குங்கள். பெயர்களைக் கையாளும் திருத்தம் ஒன்று வந்தால், அதிலே கொழும்பு என்று இருவகையாகவும் எழுதிச் சோதித்துப் பாருங்கள். சிங்களத்திலே நாட்டின் பெயரை எழுதிச் சோதித்துப் பாருங்கள். பழைய பதிப்பில் எழுதிவைத்த வட்டினைப் புதிய பதிப்பிலே திறந்து பாருங்கள். பெறுபேற்றை மரியாதையோடு எழுதி அனுப்புங்கள். தம் தாய்மொழி எழுத்து எப்படி நடக்கும் என்பது அம்மொழிக்காரருக்குத் தெரிந்த அளவு பிறருக்குத் தெரியாது. அந்தச் சபையில் நாம் இல்லாவிட்டால், நம் பெயருக்காகக் கேள்வி கேட்பார் எவருமில்லை.

அந்த அம்மையார் பிரதியைப் பெற்றுக்கொண்டு போகும்போது, அதில் எழுதியிருந்த தம் பெயரையும் ஊரின் பெயரையும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். 'கொ' சேர்த்து எழுதப்பட்டதா, பிரித்து எழுதப்பட்டதா என்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. அதனைத் தெரிந்துவைத்திருப்பது நம் கடமை.